எண்ணிலிருந்து மின்னழுத்தம்

கைப்பேசியில் நாம் சேமித்து வைக்கும் பாடல் உண்மையில் எண்களின் வரிசைதான். ஆனால், ஒலிபெருக்கிக்கு எண் புரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம் வந்தால்தான் அது அதிரும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் கருவியே மின்னிலக்க-அனலாக் மாற்றி.

இது தராசில் எடைக்கற்களை வைப்பது போன்றது. ஓர் எளிய 8 பிட் மாற்றியில் எட்டு மின்னோட்டங்கள் உள்ளன. அவற்றின் அளவுகள் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. 125 என்ற எண் வந்தால், 2, 128 ஆகிய இரண்டைத் தவிர மற்ற ஆறும் ஒன்றுசேர்கின்றன. அந்த மொத்த மின்னோட்டம் ஒரு மின்தடையின் வழியே பாயும்போது அதற்கேற்ற மின்னழுத்தம் கிடைக்கிறது.

சில சில்லுகளில் இம்மாற்றியின் உச்ச அளவை நிரலின் மூலம் நாமே அமைக்கலாம். பிசாக் 5எல்பி அத்தகைய சில்லு. அதிலுள்ள 8 பிட் மாற்றியின் உச்சத்தை 1.02 வோல்ட் என்றோ 4.08 வோல்ட் என்றோ வைக்கலாம். பெரியதையே எப்போதும் தேர்ந்தெடுத்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். ஆனால், உச்சம் எதுவானாலும் படிகள் 255தான். முதலாவதில் ஒரு படி 4 மில்லிவோல்ட். இரண்டாவதில் 16 மில்லிவோல்ட்.

500 மில்லிவோல்ட் தேவை என்போம். கணக்குப்படி, முதலாவதில் 125ஆம் படி அதைத் தந்துவிடும். இரண்டாவதில் 31ஆம் படி 496, 32ஆம் படி 512, நடுவில் ஒன்றுமில்லை. 3 வோல்ட் தேவைப்பட்டாலோ முதலாவது எட்டவே எட்டாது. அப்போது இரண்டாவதை அமைத்து, 2.992 அல்லது 3.008 வோல்ட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.