இலையுதிர் காலத்தில் ஒரு குழந்தையோடு

நம் முன்னோர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் இலையுதிர் காலம் என்று தனியே ஒன்று இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்க்காலம். அடைமழையும் வாடைக்காற்றும் அதன் அடையாளங்கள். நம் நாட்டில் இலையுதிர்க்கும் மரங்கள் பெரும்பாலும் மழையற்ற நாட்களில், வறட்சியைத் தாங்கும்பொருட்டு உதிர்க்கின்றன. இங்கிலாந்திலோ குறுகிவரும் பகலும் மிகுந்துவரும் குளிருமே இலையுதிர்வுக்குக் காரணங்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று திங்களையும் அந்நாட்டார் இலையுதிர் காலமாகக் கொள்கின்றனர்.

இலண்டன் மாநகரில் வாழ்ந்துவரும் எனக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அவளை உலாவ அழைத்துச் செல்வது என் வழக்கம். சிறு குழந்தையோடு உலாவப் புறப்படுபவர் முதலில் துறக்கவேண்டியது, போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று உண்டு என்னும் எண்ணமே. கால் மணி நேரத்து நடை அவளுக்கு ஒரு மணி நேரத்து நடை. மழைநீர் தேங்கிய குழி ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்தாக வேண்டும். இலைக்குவியலைக் கண்டால் காலால் எற்றிச் சிதற அடித்தாக வேண்டும். விரைந்து நடக்கும் பெரியவர்கள் காணாத பலவற்றை அவள் காண்கிறாள். அவளோடு நிற்கநேர்ந்ததால் நானும் கண்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெருமரம் நிற்கிறது. ஆங்கிலேயர் அதனைக் 'குதிரைக் கஷ்கொட்டை' என்று பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். அதன் தாயகம் பால்கன் மலைநாடு. பிற்காலத்தில்தான் அது இங்கிலாந்துக்கு வந்தது. செப்டம்பர் இறுதியில் அதன் பச்சைக் காய்கள் மண்ணில் விழுந்து பிளக்கும். உள்ளே, மெருகிட்ட மரம்போல் ஒளிரும் செம்பழுப்பு விதை இருக்கும். இவ்விதைக்குக் 'கான்கர்' என்று பெயர். அதில் துளையிட்டு, நூல் கோத்து, ஒருவர் விதையை மற்றவர் விதையால் அடித்து உடைப்பது இங்குள்ள சிறுவர்களின் பழைய விளையாட்டு. நம்மூர்ச் சிறுவர் புளியங்கொட்டைக்காக மரத்தடியில் திரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: கான்கர் உண்ணத் தகாதது, நச்சுத்தன்மை உடையது. உண்ணத்தக்க கஷ்கொட்டை வேறொரு மரத்தில் காய்ப்பது. அதன் மேலோட்டில் முள்ளெலியின் உடல்போல் நெருக்கமான மெல்லிய முட்கள் இருக்கும். கான்கரின் ஓட்டிலோ தடித்த முட்கள் இடைவிட்டு நிற்கும். குழந்தையின் கையில் எதைக் கொடுத்தாலும் அது வாய்க்குப் போகக்கூடும் ஆதலால், முதலில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.

அம்மரத்தின் இலை, விரித்த உள்ளங்கைபோல ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகளை உடையது. அக்டோபரில் ஒருநாள் காற்றே இல்லாத வேளையில் அவ்விலைகள் ஒவ்வொன்றாக வீழ்வதைக் கண்டு என் மகள் நின்றுவிட்டாள்.

"அப்பா, மரம் சாகிறதா?" என்று கேட்டாள்.

அவ்வினா எனக்கு எளிதாக இல்லை. ஊரிலிருந்த என் தாயார் அவ்வாண்டு ஆடித் திங்களில் இறந்துபோனார். வாரந்தோறும் தொலைபேசித் திரையில் பேத்தியின் முகம் கண்டு பேசியவர் அவர். பாட்டி இனிப் பேசமாட்டார் என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தோம்.

மரத்தைப்பற்றி அறிந்தவற்றைச் சொன்னேன். இலையைக் காற்றுப் பறிப்பதன்று, மரமே விடுக்கிறது. பகல் குறுகத் தொடங்கியதும் காம்பு கிளையோடு பொருந்தும் இடத்தில் மரம் ஒரு மெல்லிய தடுப்பை உண்டாக்குகிறது. இலையிலுள்ள சத்துகளுள் ஒரு பகுதியைத் திரும்ப உள்வாங்கிக்கொள்கிறது. பச்சையம் சிதைந்ததும், கோடை முழுவதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் தோன்றும் சிவப்பு மட்டும் அப்பொழுது புதிதாக உண்டாவது. பின்னர்க் காம்பு அறுந்து இலை வீழ்கிறது. இவ்வளவையும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்வானேன் என்று சிலர் கருதலாம். "மரம் தூங்குகிறது" என்று சொல்லி நகர்ந்திருக்கலாமே என்பர். அப்படிச் சொல்லப்பட்ட குழந்தை தூங்கவே அஞ்சினால் என்செய்வது?

தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துக் காட்டினேன். இலை நீங்கிய இடத்தில் குதிரை லாடம் போன்ற ஒரு தழும்பு. அதில் ஆணி அறைந்தாற்போலச் சிறு புள்ளிகள். தழும்பின் மேலே, பிசினால் ஒட்டும் ஓர் அரும்பு. அடுத்த வேனிலில் விரியவேண்டிய இலை, பழைய இலை வீழுமுன்பே உருவாகி அதனுள் மடிந்துகிடக்கிறது. அவள் விரலால் அரும்பைத் தொட்டு, விரல் ஒட்டிக்கொண்டதைக் கண்டு சிரித்தாள். பிறகு, "இதே இலை மறுபடியும் வருமா?" என்றாள்.

"வராது, கண்ணே. வேறோர் இலை வரும்" என்றேன்.

"பாட்டி?"

"பாட்டியும் வரமாட்டார்."

அவள் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்தவற்றுள் முழுமையான ஓர் இலையைத் தேடி எடுத்து, "அப்படியானால் இதை நான் வைத்துக்கொள்கிறேன்" என்றாள். அது இன்றும் எங்கள் தமிழ் அகராதியின் நடுவே இருக்கிறது.

அடுத்த வாரம் எப்பிங் காட்டுக்குச் சென்றோம். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சிங்ஃபோர்டு வரை புகைவண்டிப் பயணம் அரை மணி நேரம். ஏறத்தாழ 6,000 ஏக்கர்ப் பரப்புள்ள இக்காட்டில் சுற்றுப்புறத்து எளிய மக்கள் நெடுங்காலமாக மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர்கள் காட்டை வேலியிட்டு வளைக்க முற்பட்டபோது மக்கள் எதிர்த்தனர். வழக்குகளும் நடந்தன. இறுதியில் 1878இல் நிறைவேறிய சட்டம் காட்டைப் பொதுமக்களுக்கு உரியதாக்கிக் காத்தது. மாட்டுக்கு எட்டாத உயரத்தில் கிளைகளை வெட்டி வெட்டி விட்டமையால், அங்குள்ள பழைய மரங்கள் பருத்த அடியும், ஓரிடத்திலிருந்தே எழும் பல கிளைகளும் உடையனவாய் நிற்கின்றன. பொந்துவிட்ட அடிமரங்களும் உண்டு. என் மகளுக்குச் சட்டமும் வழக்கும் பொருட்டல்ல. உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ள ஒரு பொந்து கிடைத்தால் போதும்.

ரிச்மண்டு பூங்காவின் மான்களையும் ஒருமுறை கண்டோம். அக்காலம் கலைமான்கள் பிணைகளுக்காகப் போரிடும் காலம். ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கவேண்டும் என்பது விதி. அவற்றின் முழக்கத்தைக் கேட்டதும் அவள் என் கோட்டுக்குள் புகுந்துகொண்டாள்.

அக்டோபர்த் திங்களின் கடைசி ஞாயிறன்று இந்நாட்டில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைக்கின்றனர். குழந்தைகளுக்கு இச்சட்டம் செல்லாது. ஆறு மணிக்கு எழுபவள் அன்று ஐந்து மணிக்கே எழுந்து என்னையும் எழுப்பினாள். நவம்பர்த் தொடக்கத்திலேயே மாலை நாலரை மணிக்குக் கதிரவன் மறைந்துவிடுகிறான். 1605ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சிலர் செய்த சூழ்ச்சி முறியடிக்கப்பட்டதன் நினைவாக, நவம்பர் 5ஆம் நாள் இங்குத் தீமூட்டி வாணவேடிக்கை நிகழ்த்துவர். ஊரே தீபாவளி கொண்டாடுகிறது என்று என் மகள் எண்ணிக்கொண்டாள், நான் மறுக்கவில்லை. விறகுக்குவியலுள் முள்ளெலி புகுந்து உறங்கக்கூடும் என்பதால், தீ வைக்குமுன் அதனைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பர். அண்டை வீட்டார் பார்த்தாரா என்று அவள் மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

நவம்பர் இறுதியில் மீண்டும் எப்பிங் சென்றபோது காடு வெறுமையாகி, வானம் தாழ இறங்கியதுபோல் தோன்றியது. இளம் பீச் மரங்கள் மட்டும் சருகான இலைகளை விடாமல் பற்றிக்கொண்டு சலசலத்தன. புதிய தளிர் அரும்பும்வரை அவை அவ்வாறே நிற்கும். அது ஏன் என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்கள் கூறுகின்றனர். ஒருமித்த முடிவு இன்னும் இல்லை. இதையும் அவளிடம் அப்படியே சொன்னேன். அவளோ பறவைகள் புதைக்காமல் விட்ட ஓக் விதைகளைப் பொறுக்குவதில் மூழ்கியிருந்தாள். ஏழு கிடைத்தன. இருட்டுமுன் நிலையம் சேரவேண்டி, அவளைத் தோள்மீது ஏற்றிக்கொண்டு நடந்தேன். விதைகளை அவள் என் சட்டைப்பைக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டுக்கொண்டே வந்தாள்.