எம்மாவுஸ் வழியில் இருவர்

அன்றொருநாள் பூசை முடிந்ததும் கோவில் விறாந்தையில் வயோதிபத் தாயொருவர் என்னிடம் முறையிட்டார். "சுவாமி, கிளினிக்குக்குப் போகேக்கை எல்லாம் நடக்கச் சொல்லினம். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டு வாறன். தனிய எங்கை நடக்கிறது? ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம்?"

எமது முதியோருக்கு அறிவுரை குறையவில்லை. கூட நடக்கத்தான் ஆளில்லை.

கிளிநொச்சி முதியோருக்கு நடை புதிதன்று. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்களும், 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை நடந்தவர்களும் இவர்களுள் உள்ளனர். அது உயிர் தப்பும் நடை. இன்றோ பிள்ளைகள் வெளிநாட்டில். கடைக்கும் கோவிலுக்கும் மோட்டார் சைக்கிள். முற்றத்துக் கதிரையே பலருக்கு உலகமாயிற்று.

வயதேற ஏறத் தசை மெலியும். கால்கள் தளரும். முதலில் கதிரையிலிருந்து எழும்பக் கையூன்ற வேண்டிவரும். பின்னர் ஓர் இரவு விழுகை, இடுப்பெலும்பு முறிவு, படுக்கை. ஆயினும் தொண்ணூறு வயதிலும் பயிற்சியால் தசை வலுப்பெறும் என்பதை 1990இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நடை போதும். அத்தோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளும், விழாது நிற்கப் பழகும் பயிற்சி மூன்று நாளும் வேண்டும். கதிரையிலிருந்து பத்துமுறை எழும்பி இருப்பதும், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பதும் பயிற்சியே.

இதைத் தொடர்ந்து செய்விப்பது யார்? கனடாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 627 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. சமவயதினர் மாத்திரம் கூடிய குழுக்களில் இருந்தோர் 24 வாரங்களில் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு வந்தனர். பலவயதினரும் கலந்த குழுவில் இருந்தோர் ஏறத்தாழ 24 வகுப்புகளுக்கே வந்தனர். வியப்பில்லை. முழங்கால் நோவைச் சமவயதினருக்கு விளக்க வேண்டியதில்லை. (இளைஞர் நடத்தும் வகுப்புக்கு ஒருநாள் வந்து மறுநாள் வராதுவிடும் முதியோரை நான் குற்றஞ் சொல்வதில்லை.)

இன்னொன்றும் உண்டு. எம்மாவுஸுக்குப் போன சீடர் இருவரும் துயரத்தோடு நடந்தனர். நடந்தவற்றைத் தமக்குள் பேசிக்கொண்டே போயினர். பறிகொடுத்த மகனைப் பற்றிப் பேரப்பிள்ளையிடம் சொல்ல வாய் வராதவர், அதே பாதையால் வந்த இன்னொருவரிடம் சொல்லுவார். அதற்கு அரைமணி நேர நடை நல்ல இடம்.

ஆகவே அன்பியந்தோறும் இருவர் இருவராகச் சேருங்கள். கிராமத்து முதியோர் சங்கத்திலும் பேசுங்கள். அயலிலுள்ள சைவ அன்பர்களையும் அழையுங்கள். ஏ-9 வீதியோரம் வேண்டாம். வாய்க்கால் வீதி நன்று. வெயில் ஏறமுன் புறப்படுங்கள். மாரியில் பங்கு மண்டபம் இருக்கிறது. நடக்கும்போது கதைக்க முடியவேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் மடியில் இரண்டு இனிப்பு வைத்திருக்கட்டும்.

சோடியில் ஒருவர் ஒருநாள் வராவிட்டால் மற்றவர் அவருடைய படலையடிக்குப் போய்க் கூப்பிட வேண்டும். அவர் சுகமில்லாமற் படுத்திருந்தால் அன்றைய அரைமணி நேரம் அங்கேயே கழியட்டும்.