கல்லூரி ஆசிரியர்கள் கவனத்துக்கு

கூகுள் கிளாஸ்ரூமில் அசைன்மென்ட் போடும்போது, ஃபைலை இணைத்த கையோடு ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறந்தால் மாணவர்களால் படிக்க மட்டுமே முடியும். ‘திருத்தலாம்’ என்று கொடுத்தாலோ, வகுப்பே ஒரே ஃபைலில் எழுதி, ஒருவர் விடையை இன்னொருவர் அழித்துவைப்பார். அனுப்பிய பிறகு ‘ஒரு நகல்’ என்று மாற்ற வழியில்லை. புதிதாகத்தான் போட வேண்டும்.

இனி, உங்கள் சொந்தப் படிப்புக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கியது. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இதன் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். எனவே, விடைத்தாள் திருத்தும் நாட்களில் தேர்வு வராத பாடமாகப் பார்த்துச் சேருங்கள். அந்தச் சான்றிதழ் பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், முடிந்தால் எழுத்தில்.