பொன்னுக்கு வீங்கியும் ஆண்மக்களின் மகப்பேற்று நலனும்

சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களில் குழந்தையின் கன்னம் வீங்கினால், பொன்னுக்கு வீங்கி என்று கூறிக் கழுத்தில் பொன் சங்கிலி அணிவிப்பதும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும் நெடுநாளைய வழக்கம். சில நாட்களில் வீக்கம் வடிகிறது. பொன்னே குணப்படுத்தியது என நம்பிவிடுகிறோம். உண்மையில் இந்நோய் தானே தணியும் இயல்புடையது. ஆனால் பருவமெய்திய ஆண்மக்களுக்கு வரும்போது, அது கன்னத்தோடு நில்லாமல் விரைகளையும் தாக்கக்கூடும். இதனைப் பேச நம்மவர் கூசுகின்றனர். கூச்சத்தினால் விளையும் துன்பம் பெரிதாகையால், அதனை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நோயின் இயல்பு

வைரஸ் என்னும் நுண்கிருமியே இந்நோய்க்குக் காரணம் என்பதை 1934 ஆம் ஆண்டில் ஜான்சன், குட்பாஸ்ச்சர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் நிறுவினர். இருமல், தும்மல், எச்சில் வாயிலாக இது பரவுகிறது. கிருமி புகுந்த 16 முதல் 18 நாட்களில் பெரும்பாலும் நோய் வெளிப்படும். வீக்கம் கண்ட 5 நாட்கள் வரை நோயாளியைத் தனியே வைத்தல் வேண்டும்.

விரைகளுக்கு நேரும் தீங்கு

தடுப்பூசி போடாத நிலையில், பருவமெய்திய பின் இந்நோய் காணும் ஆண்களுள் 100க்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீக்கம் உண்டாகிறது. கன்னம் வீங்கிய 4 முதல் 8 நாட்களில் மீண்டும் காய்ச்சலும், விரையில் கடும் வலியும் தோன்றும். விரையைச் சூழ்ந்துள்ள உறை எளிதில் விரியாதது. ஆகவே உள்ளே வீக்கம் ஏற்படும்போது, விந்தணுக்களை உண்டாக்கும் நுண்குழல்கள் நசுங்கிக் கெடுகின்றன. தாக்குண்டவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு விரை ஓரளவு சுருங்குவதுண்டு.

எனினும் அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு விரையே தாக்குறும். மற்றொன்று மகப்பேற்றுக்குப் போதுமானது. இரண்டும் தாக்குண்டால் விந்தணுக்கள் குறையலாம்; முற்றிலும் மலட்டுத்தன்மை உண்டாதல் அரிது.

செய்ய வேண்டுவன

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளிலும், லாரிகளிலும், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் இளைஞர் பலர் ஒன்றாகத் தங்கி உழைக்கின்றனர். ஒருவருக்கு நோய் கண்டால் அவரைப் பணியினின்று விடுவித்து ஓய்வளிப்பது முதற் கடமை. இக்கிருமியை அழிக்கும் தனி மருந்து இல்லை. படுத்து ஓய்வெடுத்தல், கோவணம் கட்டி விரைகளைத் தாங்குதல், குளிர்ந்த துணியால் ஒற்றுதல், மருத்துவர் கூறும் வலிநீக்கி மாத்திரை உண்ணுதல் ஆகியன போதும்.

ஒன்றை மறத்தலாகாது. கன்ன வீக்கமின்றித் திடீரென விரையில் கடும் வலி தோன்றினால், அது விரை முறுக்கிக் கொண்டதாக இருக்கலாம். 6 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்யாவிடில் விரையை இழக்க நேரிடும். உடனே சேலம் அல்லது நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

தடுப்பூசி

இந்நோய்க்கான தடுப்பூசி 1967 முதல் அமெரிக்காவில் வழக்கிலுள்ளது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் தட்டம்மை, ருபெல்லா ஆகிய இரண்டுக்கு மட்டுமே உரியது; பொன்னுக்கு வீங்கி அதில் சேர்க்கப்படவில்லை. மூன்று நோய்களையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி பற்றிப் பெற்றோர் குழந்தைநல மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

பழி யாருக்கு?

மணமாகிப் பிள்ளைப்பேறு இல்லையெனில், பெண்ணையே மலடி எனத் தூற்றி, மறுமணத்திற்குப் பெண் தேடும் கொடுமை நம்மூர்களில் இன்னும் மறையவில்லை. கணவனைச் சோதிக்கலாம் என எவரும் வாய் திறப்பதில்லை. விந்துச் சோதனை எளியது, வலியற்றது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், காய்ச்சல் கண்டவர் மூன்று மாதங்கள் கழித்துச் சோதித்தலே சரியான முடிவைத் தரும். குறை இருப்பினும் மருத்துவ உதவி உண்டு.

ஆகவே இளைஞர் மன்றங்களிலும் மகளிர் குழுக்களிலும் இச்செய்தியைத் தயக்கமின்றி எடுத்துரைப்போமாக. கணவனும் மனைவியும் ஒருசேர மருத்துவரிடம் செல்லும் நாளில்தான் ஒரு பெண்ணின் மீது சுமத்தப்படும் பழி நீங்கும்.