கிருமியின் பெயர் அறிய மூன்று நாட்கள்

இரத்தத்தில் சீனியின் அளவை ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடும் ஆய்வுகூடம், சிறுநீரில் உள்ள கிருமி எதுவென்று சொல்ல மட்டும் ஏன் மூன்று நாட்கள் எடுக்கிறது? நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிள்ளை காய்ச்சலோடு துவண்டு கிடக்கையில் "நாளை மறுநாள் வாருங்கள்" என்றால் எந்த உம்மாவுக்கும் மனம் பதறும். அந்த மூன்று நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் சகோதரிகளுக்கு இது பாடத்துக்கும் உதவும்.

சிறுநீர்த்தொற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெண்களின் சிறுநீர்வழி நீளம் குறைந்தது. அதனால் வெளியிலுள்ள கிருமிகள் சிறுநீர்ப்பையை இலகுவில் அடைந்துவிடுகின்றன. இத்தொற்றை அதிகம் ஏற்படுத்துவது ஈ. கோலை என்னும் பற்றீரியா. நமது குடலில் தீங்கின்றி வாழும் இது, இடம் மாறும்போது நோயாக்கியாகிறது.

மாதிரி

சோதனையின் பாதி வெற்றி நோயாளியின் கையில் இருக்கிறது. உறுப்பைச் சுத்தமான நீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதை ஆய்வுகூடம் தந்த கிருமிநீக்கிய போத்தலில் எடுக்க வேண்டும். வீட்டிலுள்ள ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டுவருவது கூடாது. போத்தலின் உட்புறத்தை விரலால் தொடவும் கூடாது. எடுத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். ஏனெனில் உகந்த சூழலில் ஈ. கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். அந்த வேகத்தில் ஒரு கலம் 10 மணித்தியாலத்தில் 107 கோடியைத் தாண்டிவிடும். வெயிலில் கிடந்த மாதிரி பொய்க்கணக்குச் சொல்வது இதனால்தான்.

முதலாம் நாள்: வளர்த்தல்

ஒரு பற்றீரியா ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் நீளமானது. ஐந்நூறை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் பல இனங்கள் ஒரே தோற்றத்தில் இருக்கும். எனவே இனங்காண முதலில் அவற்றை வளர்க்க வேண்டும்.

வளர்ப்பு ஊடகத்தின் அடிப்படைப் பொருள் ஏகர். நோன்பு திறக்க நமது வீடுகளில் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசிதான் அது. இது ஆய்வுகூடத்துக்கு வந்ததும் ஒரு பெண்ணின் சமையலறை வழியாகத்தான். 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ரொபேர்ட் கொக் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் ஜெலற்றினில் கிருமிகளை வளர்த்தார்கள். உடல்வெப்பநிலையில் அது உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதைக் கரைத்தும்விடும். அங்கு பணியாற்றிய வோல்தர் ஹெஸ்ஸேயின் மனைவி பனி ஹெஸ்ஸே, தான் பழப்பாகுக்குப் பயன்படுத்தும் ஏகரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஓர் அயலவரிடம் அவர் கற்ற கைப்பக்குவம் அது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882 இல் அறிவித்த கொக், ஏகரைக் குறிப்பிட்டார். ஆனால் அப்பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றும் உலகெங்கும் உள்ள நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்கள் ஏகரை நம்பியே இயங்குகின்றன.

சிறுநீரில் ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை அளவான கம்பி வளையத்தால் எடுத்து ஏகர்த் தட்டில் பூசுவோம். மக்கொங்கி ஏகர் போன்ற சிறப்பு ஊடகத்திலும் இடுவோம். பின்னர் 37 பாகை செல்சியசில் ஓர் இரவு முழுவதும் அடைகாக்க வைப்போம்.

இரண்டாம் நாள்: அடையாளம் தேடல்

காலையில் தட்டைத் திறந்தால் சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கூட்டம். தட்டில் 100 கூட்டங்கள் இருந்தால், ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் ஓர் இலட்சம் கிருமிகள் இருந்தன என்று கணக்கு. பொதுவாக இந்த அளவும் அதற்கு மேலும் தொற்றைக் குறிக்கும். எனினும் நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்தே வைத்தியர் முடிவெடுப்பார். மூன்று நான்கு வகைக் கூட்டங்கள் கலந்து வளர்ந்திருந்தால் மாதிரி மாசடைந்ததென்று கொண்டு மீண்டும் கேட்போம்.

மக்கொங்கி ஏகரில் இலற்றோசு வெல்லத்தை நொதிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஈ. கோலை அவ்வாறானது. கிளெப்சியெல்லாவும் அவ்வாறானதே, ஆனால் அதன் கூட்டம் சளிபோல வழுவழுப்பாக இருக்கும்.

அடுத்தது, டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் 1884 இல் வெளியிட்ட சாயமூட்டல் முறை. பளிங்கு ஊதா, அயடீன், அற்ககோல், சஃப்ரனின் என்ற வரிசையை மறக்காதீர்கள். தடித்த கலச்சுவருள்ளவை ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். அவை கிராம் நேர். மெல்லிய சுவருள்ளவை அற்ககோலில் ஊதாவை இழந்து சஃப்ரனினின் சிவப்பை ஏற்கும். அவை கிராம் எதிர். ஈ. கோலை சிவந்த சிறு கோல்களாகத் தெரியும்.

ஆனால் சிவந்த கோல்கள் பல இனங்களுக்கு உண்டு. ஆகவே உயிர்இரசாயனச் சோதனைகளை அன்றே தொடங்கி, இன்னோர் இரவு வளரவிடுவோம்.

மூன்றாம் நாள்: பெயரும் மருந்தும்

இந்தோல் சோதனையில் சிவப்பு வளையம் தோன்றி, சித்திரேற்று ஊடகம் பச்சையாகவே இருந்தால் அது ஈ. கோலைக்குப் பொருந்தும். வளையம் தோன்றாமல் சித்திரேற்று நீலமாக மாறினால் கிளெப்சியெல்லா நியூமோனியே இருக்கலாம். இப்படிப் பல விடைகளைச் சேர்த்தே பெயரை உறுதிசெய்வோம்.

பெயர் மட்டும் போதாது. எந்த மருந்துக்கு அது பணியும் என்பதையும் அறிய வேண்டும். அதற்காக முதல்நாளே அக்கிருமியை வேறொரு தட்டில் சீராகப் பரப்பி, நுண்ணுயிர்கொல்லி தோய்ந்த சிறு கடதாசி வட்டங்களை வைத்திருப்போம். மருந்து பலித்த இடத்தில் கிருமி வளராது. வட்டத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து நியம அட்டவணையோடு ஒப்பிடுவோம். ஒவ்வொரு மருந்துக்கும் அளவெல்லை வேறு என்பதால், பெரிய வளையமுள்ளதுதான் சிறந்த மருந்து என்று முடிவு செய்ய இயலாது. அறிக்கையில் 'எஸ்' என்றால் கிருமி பணியும். 'ஆர்' என்றால் எதிர்த்து நிற்கும்.

சில தட்டுகளில் எந்த வட்டத்தைச் சுற்றியும் தெளிவைக் காணமுடியாது. கிருமி மருந்தின் ஓரம்வரை வளர்ந்திருக்கும். அத்தகைய தட்டைக் கையில் எடுக்கும்போது, அதற்குரிய நோயாளிக்கு எந்த மருந்து மிஞ்சியிருக்கிறது என்ற கவலை எனக்கு வரும். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். தேவையில்லாமலும் அளவு குறைத்தும் மருந்தெடுக்கும்போது பலவீனமான கிருமிகள் இறக்கின்றன. எதிர்த்து நிற்பவை தப்பிப் பெருகுகின்றன.

நாம் செய்யவேண்டியவை

வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி கொடுக்கும் முன் வீட்டில் மிச்சமிருந்த நுண்ணுயிர்கொல்லியை விழுங்காதீர்கள். இரண்டு குளிசை எடுத்தாலும் தட்டில் எதுவும் வளராமல் போகலாம். நோய் இருக்கும், விடை இருக்காது. ஏற்கெனவே எடுத்திருந்தால் வைத்தியரிடமும் எங்களிடமும் சொல்லிவிடுங்கள். மாதிரி கொடுத்த உடனேயே வைத்தியர் ஒரு மருந்தைத் தொடங்கக்கூடும். அறிக்கை வந்ததும் அதை மாற்றவும் கூடும். இரண்டும் சரியானவையே. தந்த மருந்தைச் சொன்ன நாள்வரை எடுங்கள். தாத்தாவுக்குக் கொடுத்ததைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள். வைரசால் வரும் தடிமனுக்கு நுண்ணுயிர்கொல்லி கேட்காதீர்கள்.

மாணவிகளே, பாடசாலை நேரம் முழுவதும் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருப்பதை விட்டுவிடுங்கள்.

நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் நமக்குக் காட்டிய வழி. சரியான மருந்தைத் தேட, சரியான கிருமியை அறிய வேண்டும். கிருமி வளரும் வேகத்துக்கு முன்னதாக எங்களால் அதன் பெயரைச் சொல்ல முடியாது. அந்த மூன்று நாட்களையும் எங்களுக்குத் தாருங்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து பலிக்கும் என்ற விடை அந்தத் தட்டில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.