உரிமைக்கும் தவணை உண்டு

குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் சிறிது நேரத்தில் நயினாதீவை அடையலாம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் எல்லோரும் அறிந்தவை. அங்கே ஒரு பள்ளிவாசலும் உண்டு. அதற்குக் கிட்டத்தான் என் வாப்பும்மாவின் காணி இருக்கிறது.

1990 இல் தீவுப் பகுதியில் சண்டை தொடங்கியபோது வாப்பும்மா யாழ்ப்பாண நகரில் தமக்கையின் வீட்டுக்கு வந்திருந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சொந்த இடத்தை இழந்தனர். யாழ்ப்பாணத்தவருக்கு ஒக்டோபர் 30 ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசமே. குழந்தையின் துணிக்குள் மடித்து வைத்த காணி உறுதி மட்டும் வாப்பும்மாவோடு புத்தளம் வந்தது.

நாட்டிலே தமிழர் சிறுபான்மையினர். வடக்கிலே முஸ்லிம்கள் அச்சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மையினர். ஆகவே, பலம் யார் கையில் இருந்தாலும் எண்ணிக்கையில் குறைந்தவரைக் காக்கச் சட்டம் வேண்டும். இதற்காக அரசு என்ன செய்திருக்கிறது? உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் நான் இவ்வருடம் இதனைத் தேடி வாசித்தேன்.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் இயற்றுவதைத் தடுத்தது. அது நடைமுறையில் இருக்கும்போதே 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அதற்கு முழுமையான பரிகாரம் தேடிய சட்டம் 2003 இல்தான் வந்தது. இடையில் 55 வருடங்கள் கழிந்துவிட்டன. ஆதிக்குடிகளான வேடர்களின் வேட்டைக்காடு 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. விலங்குகளைக் காக்க வந்த ஏற்பாடு, அக்காட்டை நம்பி வாழ்ந்த மனிதரின் வாழ்க்கையைக் குலைத்தது.

நன்மையான ஏற்பாடுகளும் உண்டு. இன்றைய அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு அமைந்தது.

வாசித்துக்கொண்டு போகையில் ஒரு சட்டத்தில் என் கண் நின்றது. நம் நாட்டில் ஒருவர் இன்னொருவரின் தனியார் காணியைப் பத்து வருடங்கள் தடையின்றித் தன்னுடையதாக ஆண்டுவந்தால், அதற்கு உரிமை கோர வழியுண்டு. அகதியாக இருந்தவர் பத்து வருடத்துக்குள் வந்து எப்படித் தடுப்பார்? இந்த அநீதியை நீக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பயங்கரவாதக் குழுக்களின் செயல்களால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் யாவருக்கும் அது பொதுவானது. ஆனால் அதனைப் பயன்படுத்தக் கொடுத்த தவணை இரண்டே வருடங்கள்.

வாப்பும்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்பிடி ஒரு சட்டம் வந்ததெண்டு ஒருத்தரும் ஏன் சொல்லேல்லை மகள்?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தக் காணியில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களும் யுத்தத்தில் வீட்டை இழந்தவர்கள். “அந்தப் பிள்ளையளை ரோட்டில விடவும் ஏலாது. ஆனா அது எண்ட காணியெண்டு யாராவது எழுதித் தரவேணும்” என்றார் வாப்பும்மா. இரு பக்கத்தாரும் அநாதரவாகாமல் தீர்வு காண்பதுதான் நீதி என்று நினைக்கிறேன்.

நான் கற்ற பாடம் இதுதான்: சட்டம் இயற்றுவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அது உரியவரின் வீட்டு வாசலுக்கு, அவரின் மொழியில், தவணை முடியுமுன் போய்ச் சேர வேண்டும். அறிந்துகொள்வது எங்கள் கடமை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெற்றோரே, உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சகோதரிகளே, வர்த்தமானியும் சட்டமும் பரீட்சைக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் வாப்பும்மாவுக்கு அன்று வாசித்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அவர் தவணைக்குள் போயிருப்பார்.