வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே நாய்: 17 குறிப்புகள்

இங்கிலாந்தில் கிராமத்துப் பக்கம் குடிபோனவர்களுக்குத் தெரியும். அக்டோபர் பிறந்துவிட்டால் காலையிலேயே தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். ஃபெசன்ட் பறவை வேட்டைக் காலம் அது. அக்கம்பக்கம் பழகியதும் நம்மையும் கூப்பிடுவார்கள். விழுந்த பறவையை முட்புதருக்குள் தேடிப் பிடித்து, இறகு கலையாமல் கொண்டுவந்து எஜமானர் கையில் வைக்கும் நாயை ஒருமுறை பார்த்தால் போதும், நமக்கும் ஆசை வந்துவிடும். வீட்டில் பிள்ளைகளும் நாய் கேட்டு நச்சரித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் ஒன்றாகப் போகட்டும் என்று கிளம்புவோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். என் அவசரத்துக்கு விலை கொடுத்தது என் முதல் நாய். உங்கள் நாய்க்கு அந்த நிலை வராமல் இருக்கவே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் நாள் கணக்குப் போடுங்கள்.
இங்கே ஃபெசன்ட் சுடும் காலம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடச் சட்டம் இடம் தராது. சனிக்கிழமை ஒன்றுவிடாமல் போனாலும் 17 அல்லது 18 நாள்தான் தேறும். மீதி நாளெல்லாம் அந்த நாய் உங்கள் அடுப்படி வாசலில்தான் படுத்திருக்கும். அதனால் வீட்டுக்கு ஒத்துவருமா என்பதை முதலிலும், வேட்டைக்கு ஒத்துவருமா என்பதை அடுத்தும் பாருங்கள்.

2. எந்த வகை என்ன வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.
துப்பாக்கிக்காரருடன் வேலை செய்யும் நாய்களைக் ‘கன் டாக்’ என்பார்கள். ரிட்ரீவர் வகை, விழுந்த பறவையைத் தேடி எடுத்து வரும். ஸ்பேனியல் வகை, புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும், எடுத்தும் வரும். பாயின்டரும் செட்டரும் பறவை இருக்கும் இடத்தை மோப்பத்தால் அறிந்து, சிலைபோல் நின்று காட்டும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர், ஹங்கேரியின் விஸ்லா, வைமரானர் போன்றவை தேடுவது, நின்று காட்டுவது, எடுத்து வருவது என மூன்றையும் செய்யும். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிப்பவை. கன் டாக்குக்கு விரட்டக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஊர் நாய் வளர்த்த பழக்கத்தோடு இதை அணுகாதீர்கள்.

3. களத்தில் உங்கள் இடம் எது?
சுடுபவர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா? ரிட்ரீவர். பறவையைக் கிளப்புகிற ‘பீட்டர்’ வரிசையில் நடக்கப்போகிறீர்களா? ஸ்பேனியல். தனியாக வேலியோரம் நடந்து, கிடைத்ததைச் சுடுபவரா? ஸ்பேனியலோ மூன்று வேலை செய்யும் இனமோ பொருந்தும். எதுவும் முடிவாகவில்லை என்றால் ஒரு பருவம் நாயில்லாமலே பீட்டராகப் போய் வாருங்கள். எந்த நாய் எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம்.

4. முதல் நாய் என்றால் லாப்ரடார்.
நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் தண்ணீர் நாய்களிலிருந்து வந்த இனம். 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. குட்டை முடி சீக்கிரம் காயும், குணம் நிதானம், பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் வயிறு நிறைந்ததே தெரியாத நாய் இது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாவம் என்று ஆளாளுக்குத் தட்டிலிருந்து போடாதீர்கள். காலை, மாலை உணவை அளந்து, ஒருவரே வைக்க வேண்டும்.

5. முடி சீவச் சலிக்காதவர்களுக்குக் கோல்டன் ரிட்ரீவர்.
1868இல் ஸ்காட்லாந்தின் கிசகன் எஸ்டேட்டில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர், நூஸ் என்ற மஞ்சள் நாயையும் பெல் என்ற தண்ணீர் ஸ்பேனியலையும் சேர்த்து உருவாக்கிய வம்சம். அன்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நீள முடியில் சேறும் முள்ளும் அப்பிக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அடிமுடி வரை சீவ வேண்டும்.

6. ஓயாத வீட்டுக்கு ஸ்பேனியல்.
ஸ்பிரிங்கரும் காக்கரும் நாள் முழுக்க மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஓடும். காக்கர் உருவத்தில் சிறியது என்பதால் சின்ன வீட்டுக்குச் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உருவம்தான் சிறியது, வேகம் பெரியது. தினமும் நடையோடு, தேடிக் கண்டுபிடிக்கிற வேலையும் கொடுக்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் சோபாவைப் பிய்த்துப் போடும், அதில் நாயின் குற்றம் ஏதுமில்லை.

7. விஸ்லா, வைமரானர், ஷார்ட்ஹேர்டு எடுக்குமுன் யோசியுங்கள்.
அழகிலும் ஓட்டத்திலும் இவற்றை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆளை விட்டுப் பிரிந்து இருக்கச் சிரமப்படும், அதிலும் விஸ்லா நிழல்போல் காலைச் சுற்றும். கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீட்டில் இவை ஏங்கிப்போகும்.

8. இனத்தோடு வழியையும் கேளுங்கள்.
ஒரே இனத்தில் கண்காட்சிக்கென வளர்த்த வழி வேறு, வேலைக்கென வளர்த்த வழி வேறு. ஸ்பிரிங்கரில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வேறு வேறு இனமோ என்றே தோன்றும். மார்ச்சில் பர்மிங்காமில் நடக்கும் கிரஃப்ட்ஸ் கண்காட்சிக்குப் போனால் பல இனங்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே பார்த்ததை வைத்தே வேலை நாயை முடிவு செய்யாதீர்கள். வம்சாவளிச் சான்றிதழில் பட்டம் பெற்ற முன்னோர் பெயர்கள் சிவப்பு எழுத்தில் இருக்கும். ‘எஃப்டிசிஹெச்’ என்றால் களப் போட்டிச் சாம்பியன். சிவப்பு நிறைய இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். போட்டிக்கென்றே வளர்த்த வம்சத்தின் சூடு, முதல்முறை நாய் வளர்க்கும் குடும்பத்துக்குத் தாங்காது. அமைதியாக வேலை செய்யும் பெற்றோரின் குட்டியே போதும்.

9. சுகாதாரச் சான்றுகளைக் கையில் வாங்கிப் படியுங்கள்.
இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்து மதிப்பெண் போடுவார்கள். பக்கத்துக்கு 53 வீதம் மொத்தம் 106, குறையக் குறைய நல்லது. முழங்கை மூட்டுக்கு 0 முதல் 3 வரை, 0 இருப்பதே உத்தமம். கண் பரிசோதனைச் சான்றும், அந்த இனத்துக்குரிய மரபணுச் சோதனை முடிவும் வேண்டும். இவை தாய், தந்தை இரண்டுக்கும் இருக்க வேண்டும். ‘டாக்டர் பார்த்துவிட்டார், குட்டி நன்றாக இருக்கிறது’ என்ற வாய்ப்பேச்சு இவற்றுக்கு ஈடாகாது.

10. தாயைப் பார்க்காமல் குட்டியைத் தூக்காதீர்கள்.
2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர்கள் விற்க முடியாது. வளர்ப்பவரிடமே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தாய் உங்களைக் கண்டு வாலாட்டி வருகிறதா, மூலைக்கு ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். குட்டியை மடியில் மல்லாத்திப் பிடித்துப் பாருங்கள். சற்று நெளிந்துவிட்டு அடங்கினால் நல்ல அறிகுறி. எட்டு வாரம் முடியுமுன் கொண்டுவர வேண்டாம். மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும்.

11. ஒரு நேரத்தில் ஒரு குட்டி.
துணைக்கு இருக்கட்டும் என்று ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை வாங்கினால், அவை ஒன்றையொன்று பார்த்துத்தான் வளரும், உங்களைப் பார்க்காது. ஒன்று பழகி முடித்த பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

12. செருப்பைக் கவ்வி வந்தால் திட்டாதீர்கள்.
வீட்டில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பத்து வாரக் குட்டி உங்கள் செருப்பையோ பிள்ளையின் காலுறையையோ வாயில் வைத்துக்கொண்டு, உடம்பே ஆடும்படி வாலாட்டி வருகிறது. அதட்டினாலும் துரத்தினாலும், ‘எடுத்து வந்தால் அடி விழும்’ என்று அது கற்றுக்கொள்ளும். தரையில் மண்டியிட்டு உட்காருங்கள். அருகே வந்ததும் வாயில் இருப்பதைத் தொடாமல் முதலில் மார்பைத் தடவிக் கொடுங்கள். பிறகு மெல்ல வாங்குங்கள். நாளை பறவையைக் கையில் தரப்போகும் பழக்கத்துக்கு இன்றைய செருப்புதான் அரிச்சுவடி. கயிற்றிழுப்பு விளையாட்டு வேண்டாம். பல் பதிய அழுத்திப் பிடிக்கும் பழக்கம் அதில் வந்துவிடும்.

13. பந்தை ஓயாமல் எறியாதீர்கள்.
எறிந்ததெல்லாம் தனக்கே என்று நாய் பாய ஆரம்பித்தால் களத்தில் அடக்க முடியாது. பத்துத் தடவை எறிந்தால் ஏழு தடவை நாயை உட்காரவைத்துவிட்டு நீங்களே நடந்து போய் எடுத்து வாருங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்கு இது நல்ல விளையாட்டு, நாய்க்குப் பொறுமைப் பாடம்.

14. வீடு முழுக்க ஒரே சொல், ஒரே விசில்.
அம்மா ‘உட்கார்’ என்று சொல்ல, பையன் ‘சிட்’ என்று சொல்லக் கூடாது. தமிழோ ஆங்கிலமோ, எல்லோரும் ஒன்றையே சொல்லுங்கள். விசிலில் ஒரு நீள ஊதலுக்கு உட்கார வேண்டும், விட்டுவிட்டு ஊதினால் ஓடி வர வேண்டும் என்பது இங்கே பொது வழக்கம். ஆக்மி விசில்களில் ஸ்பேனியலுக்கு 210½, லாப்ரடாருக்கு 211½ எண்ணை வாங்குவார்கள். ஒரே எண் என்றால் ஒரே ஒலி. தொலைந்தால் அதே எண்ணில் வாங்கிக்கொள்ளலாம்.

15. அடுப்படியில் கவனம்.
நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் இல்லை. இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். சாக்லேட்டும், சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாயும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். குழம்புச் சோறு வைத்துப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

16. களத்திலிருந்து திரும்பியதும் பத்து நிமிடம்.
துண்டால் துவட்டும்போதே விரலிடுக்கு, அக்குள், காதின் உட்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். கோடையில் புல்விதை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் புகுந்து உள்ளே நகர்ந்துகொண்டே போகும். ஸ்பேனியலுக்கு இது அதிகம். நாய் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டுக் கிடை அருகிலும், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்தவெளி நடைப் பகுதிகளிலும் கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது.

17. துப்பாக்கிச் சத்தத்துக்கு அவசரம் கூடவே கூடாது.
என் தவறு இதுதான். என் முதல் நாய் ஒரு கறுப்பு லாப்ரடார் பெட்டை. ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது, பழகட்டும் என்று பறக்கவிட்ட களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் வெடிக்கு உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதுக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு காருக்கடியில் புகுந்துவிட்டது. அன்றிரவு அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தத்துக்கும் நடுங்கியது. அதன்பிறகு அது வேட்டைக்கு வரவேயில்லை.
சரியான முறை இது: குட்டி வளர்ந்து, அடிப்படைப் பயிற்சி முடிந்த பிறகு, நண்பர் ஒருவரை 200 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நாய் ஆர்வமாக ஏதாவது வேலையில் இருக்கும்போது ஒரே ஒரு வெடி. காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். வாரங்கள் கழியக் கழிய மெல்ல நெருங்கி வரலாம். சற்றே பயம் தெரிந்தாலும் பழைய தூரத்துக்குத் திரும்பிவிடுங்கள். முதல் வேட்டைக்கு ஒன்றரை வயதுவரை காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

அந்தப் பெட்டை பதின்மூன்று வயதுவரை எங்களோடு இருந்தது. என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அதன் வயிற்றில் தலை வைத்துத்தான். வேட்டை நாளில் நான் பூட்ஸ் மாட்டும்போது வாசல்வரை வந்து நின்று பார்க்கும், பிறகு மகளின் அறைக்குத் திரும்பிவிடும். அதனால் நாய் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் ஒன்றைத்தான் கேட்கிறேன்: நாளைக்கு ஒரு பறவையைக்கூட அது எடுத்து வராது என்று தெரிந்தாலும் இந்தக் குட்டியை வீட்டுக்குக் கூட்டிப்போவீர்களா? ஆம் என்று தோன்றினால் தூக்கிக்கொள்ளுங்கள்.